சிட்டாவை வைத்துக்கொண்டு ஃபூக்கோ படிப்பது எப்படி

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்துகொண்டு முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கிறீர்கள். "ஃபூக்கோவின் கூற்று என்ற கருத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று நெறியாளர் சொல்லி அனுப்பிவிட்டார். அல்லது நெட் தேர்வுக்காக அவரைப் படிக்க வேண்டியிருக்கிறது. கூற்று என்பது பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோவின் கலைச்சொல், ஆங்கிலத்தில் 'ஸ்டேட்மென்ட்'. பக்கத்து நூலகத்தில் நூல் இல்லை. இணையத்தில் தேடினால் "அதிகாரம் எங்கும் இருக்கிறது" என்ற ஒற்றை வரி நூறு வேடத்தில் வந்து நிற்கிறது. இந்தக் கட்டுரை உங்களுக்காக. கேட்டுத் தெளிய ஆளில்லாமல் அந்த நூலோடு மல்லுக்கட்டிய ஒருவன் எழுதுவது. ஃபூக்கோவின் வாழ்க்கை வரலாறு இங்கே கிடையாது. எதைப் படிப்பது, எதைத் தள்ளிவைப்பது, எவ்வளவு செலவாகும், எங்கே கால் இடறும் என்பவை மட்டுமே உண்டு.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வரையறையிலிருந்து தொடங்கினால் இந்தக் கருத்து பிடிபடாது. ஓர் அரசு ஆவணத்தை, சிட்டாவைப் போன்ற ஒரு நிலப் பதிவுத் தாளை, கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பின்வந்த சிந்தனையாளர்களும் ஃபூக்கோவின் கூற்றை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். எந்த முனை யார் கையில் என்று தெரிந்துகொள்வதுதான் உங்கள் வேலை.

1. நூலைத் தேடிப் பிடியுங்கள்

'அறிவின் தொல்லியல்' என்று தமிழில் குறிப்பிடப்படும் நூல் பிரெஞ்சில் 1969இல் வெளிவந்தது. ஏ. எம். ஷெரிடன் ஸ்மித் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1972இல் வந்தது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். புதிதாக வாங்கினால் பதிப்பைப் பொறுத்துச் சில நூறு ரூபாய் முதல் ஆகும். வாங்கும்முன் ஒன்றைப் பாருங்கள்: 1970 டிசம்பர் 2 அன்று காலேஜ் த ஃபிரான்ஸில் ஃபூக்கோ ஆற்றிய தொடக்க உரை பின்னிணைப்பாக இருக்கிறதா? 1972இன் அமெரிக்கப் பதிப்பில் உண்டு. எல்லாப் பதிப்புகளிலும் இல்லை. ஐந்தாம் படியில் அந்த உரை தேவைப்படும்.

பணம் செலவழிக்கும் முன் இலவச வழிகளைப் பாருங்கள். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. பல நூல்களை அங்கே குறிப்பிட்ட நேரத்துக்கு இரவல் பெற்றுத் திரையில் படிக்கலாம். உங்கள் கல்லூரி 'என்-லிஸ்ட்' திட்டத்தில் சேர்ந்திருந்தால் மின்னூல்களும் ஆய்விதழ்களும் கிடைக்கும். அதற்கான பயனர் பெயரைக் கல்லூரி நூலகரிடம் கேட்டுப் பெற வேண்டும். நீங்களாகக் கேட்காமல் அது உங்கள் கைக்கு வராது. 'ஷோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் ஃபூக்கோவைப் பற்றி அவற்றில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். மேற்கோள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால் பல இடங்களில் ஆதாரம் இருக்காது.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 90 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து 130. அங்கே சர்ச் ஸ்ட்ரீட்டில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் தத்துவ நூல்களுக்குத் தனி அலமாரிகள் உண்டு. வேறு வேலையாகப் போகும்போது எட்டிப் பாருங்கள். இதற்கென்றே பஸ் ஏறுவது வீண்; பஸ் கட்டணத்தையும் சாப்பாட்டுச் செலவையும் கூட்டினால் புதுப் புத்தகமே வந்துவிடும். தருமபுரிக்காரர்களுக்குச் சேலம் பெரியார் பல்கலைக்கழக நூலகம் இன்னும் பக்கம்.

ஒரு பொறி: "எளிய அறிமுகம்" என்று அட்டையில் போட்டிருக்கும் நூலை முதலில் வாங்குவது. பெரும்பாலான அறிமுகங்கள் பைத்தியம், சிறை, பாலியல் என்று ஓடிவிடும். கூற்றுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கினால் அதிசயம்.

முழு நூலையும் படிக்க வேண்டாம். இப்போதைக்கு மூன்றாம் பகுதி போதும். ஐந்து அத்தியாயங்கள், ஐம்பது அறுபது பக்கங்கள். அந்தப் பகுதியை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடையில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள் முடியும். ஓரத்தில் எழுத இடம் விட்டு அச்செடுப்பது முக்கியம். நாளுக்கு ஐந்து பக்கம் என்றால் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். அதைவிட வேகம் தேவையில்லை. அதைவிட மெதுவாகப் போனால் முன்பக்கம் மறந்துவிடும்.

2. ஒரு சிட்டா நகல் எடுங்கள்

தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்துக்குப் போய் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் சிட்டா விவரம் வந்துவிடும். கட்டணம் இல்லை. கைப்பேசியில் வரும் கடவு எண்ணை உள்ளிட வேண்டும். உங்கள் குடும்ப நிலத்தினுடையதாக இருந்தால் நல்லது, ஏனென்றால் தாளில் இல்லாதது என்ன என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆய்வேட்டில் சேர்ப்பதாக இருந்தால் பெயர்களையும் எண்களையும் மறைத்துவிடுங்கள்.

நிலம் இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, பஸ் நிலையத்தில் எழுதி வைத்திருக்கும் கால அட்டவணை, மாங்கூழ் ஆலைக்கு லோடு ஏற்றியபோது கொடுத்த எடைச் சீட்டு என்று எதையும் எடுக்கலாம். ஆனால் கவிதை, கதை, தலைவர்களின் உரை வேண்டாம். அவற்றை எடுத்தால் ஆசிரியர் என்ன சொல்ல வந்தார் என்ற பழைய கேள்விக்கு மனம் தானாகப் போய்விடும்.

சிட்டாவில் என்ன இருக்கிறது? பட்டா எண், உரிமையாளர் பெயர், உறவுமுறை, புல எண், உட்பிரிவு, நன்செய் அல்லது புன்செய், ஹெக்டேர்-ஏர் கணக்கில் பரப்பு, ரூபாய்-பைசாவில் தீர்வை. எழுவாய் பயனிலையோடு ஒரு வாக்கியம்கூட அட்டவணைக்குள் இல்லை. ஃபூக்கோவுக்கு வேண்டியது சரியாக இதுதான். லின்னேயஸின் தாவர வகைப்பாட்டு அட்டவணை, கணக்குப் புத்தகம், வம்சாவளி மரம், மக்கள்தொகையின் வயதுக் கூம்பு ஆகியவற்றையெல்லாம் அவர் கூற்றுகள் என்கிறார். இவற்றில் வாக்கியங்கள் எங்கே என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறார்.

3. மூன்று "அல்ல"களை முடித்துவிடுங்கள்

மூன்றாம் பகுதியின் முதல் அத்தியாயம் கூற்று எதுவல்ல என்று சொல்வதிலேயே போகிறது. இங்கேதான் பலர் நூலை மூடிவைக்கிறார்கள். அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்திருந்தால் ஒரே மாலையில் தாண்டிவிடலாம்.

கூற்று வாக்கியம் அல்ல. இதைச் சிட்டா காட்டிவிட்டது.

கூற்று அளவையியலார் சொல்லும் எடுப்பும் (உண்மை அல்லது பொய் என்று மதிப்பிடத்தக்க கருத்து) அல்ல. "யாரும் கேட்கவில்லை", "யாரும் கேட்கவில்லை என்பது உண்மை" என்ற இரண்டையும் அளவையியல் ஒன்றாகவே மதிக்கும். ஒரு நாவலின் முதல் வரியாக இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள் என்கிறார் ஃபூக்கோ. முதலாவதில் கதைசொல்லியின் குரலோ பாத்திரத்தின் மனக்குரலோ கேட்கலாம். இரண்டாவதில் யாரோ யாருக்கோ பதில் சொல்கிறார்கள். எடுப்பு ஒன்றுதான், கூற்று இரண்டு.

கூற்று பேச்சுச் செயலும் (சொல்வதன் மூலமே செய்யும் செயல்) அல்ல என்பது மூன்றாவது. ஜே. எல். ஆஸ்டினின் கோட்பாட்டைப் படித்தவர்களுக்கு இது உறுத்தும். ஓர் உறுதிமொழியோ ஒப்பந்தமோ பெரும்பாலும் ஒரே கூற்றால் முடிவதில்லை, பல கூற்றுகள் தேவைப்படுகின்றன, ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். இந்த வாதத்தில் நெடுநேரம் தங்க வேண்டாம். பேச்சுச் செயல் கோட்பாட்டை வளர்த்த ஜான் சர்ல் இதை மறுத்தார். 1979இல் சர்லுக்கு எழுதிய கடிதத்தில், கூற்றுகள் பேச்சுச் செயல்கள் அல்ல என்று தான் சொன்னது தவறு என்று ஃபூக்கோ ஏற்றுக்கொண்டார். தான் அவற்றை வேறு கோணத்திலிருந்து பார்த்ததை அழுத்திச் சொல்லவே அப்படி எழுதியதாகவும் சேர்த்துக்கொண்டார். பல வகுப்புக் குறிப்புகளில் இந்தக் கடிதம் இருக்காது. 1969இன் நிலைப்பாட்டை மட்டும் எழுதிவிட்டு வாய்மொழித் தேர்வுக்குப் போனால், விஷயம் தெரிந்த தேர்வாளர் முதலில் இந்த இடத்தில்தான் கை வைப்பார்.

பிறகு அந்தப் புகழ்பெற்ற தட்டச்சு எடுத்துக்காட்டு வருகிறது. பிரெஞ்சுத் தட்டச்சுப் பொறியின் மேல்வரிசையில் ஏ, இசட், ஈ, ஆர், டி என்று எழுத்துகள் இருக்கின்றன. பொறியின் மேல் இருக்கும்வரை அவை கூற்று அல்ல. அதே வரிசையைத் தட்டச்சுக் கையேட்டில் அச்சிட்டால், பிரெஞ்சுப் பொறிகள் பின்பற்றும் எழுத்து வரிசை பற்றிய கூற்றாகிவிடுகிறது. நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களில் தமிழ் லோயர் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விசைப்பலகையில் இருக்கும் 'ய ள ன க' வேறு, முதல் பாடத்தில் பக்கம் முழுக்க அடிக்கச் சொல்லும் 'ய ள ன க' வேறு. எழுத்துகளில் மாற்றம் எதுவும் இல்லை. இரண்டாவதைச் சூழ்ந்து ஒரு பாடம், ஒரு பயிற்சி, ஒரு தேர்வு இருக்கின்றன.

4. நான்கு கேள்விகளைச் சிட்டாவிடம் கேளுங்கள்

இதுதான் கட்டுரையின் மையம். இரண்டாம் அத்தியாயத்தை அருகில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். கூற்று என்பது ஓர் அலகு அல்ல, அது ஒரு செயற்பாடு என்கிறார் ஃபூக்கோ. அந்தச் செயற்பாட்டுக்கு நான்கு பக்கங்கள்.

முதல் கேள்வி: இந்தக் கூற்று எவற்றை இருக்க விடுகிறது? ஃபூக்கோ கேட்பது "எதைச் சுட்டுகிறது" என்பதல்ல. கூற்றில் தோன்றும் பொருள்கள் தோன்றுவதற்கான விதிகள் எவை என்பதே. உங்கள் காட்டைச் சிட்டா 'புன்செய்' என்று அறிகிறது. பக்கத்தில் ஆடு மேயும் நிலம் 'புறம்போக்கு'. மண்ணை எவ்வளவு தோண்டினாலும் புறம்போக்கு என்ற பொருள் கிடைக்காது. தீர்வை விதிக்கப்பட்ட நிலம், விதிக்கப்படாத நிலம் என்று பிரிக்கும் ஓர் ஏற்பாட்டுக்குள்தான் அது பிறக்கிறது. இன்னொன்று. தருமபுரி மாவட்டத்தில் பல கிணறுகளின் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லிலும் எலும்பிலும் அதன் தடம் தெரியும். உங்கள் சிட்டாவில் அதற்கு இடமில்லை. நீர்ப் பரிசோதனை அறிக்கையில் அதே கிணறு வருகிறது, அங்கே தீர்வைக்கு இடமில்லை. கிணறு ஒன்று, இரண்டு ஆவணங்களும் இரண்டு பொருள் வரிசைகளைத் திறக்கின்றன. சிட்டா எதையோ மறைக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். மறைந்திருப்பதைத் தோண்டி எடுக்கும் வேலையை ஃபூக்கோ இந்த நூலில் வெளிப்படையாகவே மறுக்கிறார். சொல்லப்பட்டது ஏன் இவ்வளவு குறைவு, ஏன் இந்த வடிவத்தில் என்பதுதான் அவர் கேள்வி. நான்காம் அத்தியாயத்தில் 'அருமை', அதாவது அரிதாக இருத்தல், என்று அவர் பேசுவது இதைத்தான்.

இரண்டாம் கேள்வி: இதைச் சொல்ல யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும்? புதியவர்களில் பாதிப் பேர் இங்கே தவறுகிறார்கள். கூற்றின் தன்னிலை (கூற்றைச் சொல்லும் இடத்தில் நிற்பவர்) என்றவுடன் பட்டாதாரரைக் காட்டுகிறார்கள். அவர் கூற்றில் பேசப்படுபவர். கூற்றைச் சொல்லும் இடம் வட்டாட்சியருடையது, அந்த இடத்துக்கு யார் மாற்றலாகி வந்தாலும் கூற்று அசையாது. அவர் மனத்தில் என்ன நினைத்தார் என்பது சிட்டாவுக்குப் பொருட்டல்ல. ஃபூக்கோ கணக்கு நூலை எடுத்துக்காட்டுகிறார். முன்னுரையில் "நான் இதை ஏன் எழுதினேன்" என்று வரும் இடத்தில் ஆசிரியர் ஒருவரே நிற்க முடியும். "மூன்றாவதோர் அளவுக்குச் சமமான இரண்டு அளவுகள் தமக்குள்ளும் சமம்" என்ற வரியின் இடத்தில் எவரும் நிற்கலாம். "முன்பே நிறுவினோம்" என்று வந்தால், முந்தைய படிகளைக் கடந்துவந்தவர் மட்டுமே அங்கே நிற்க முடியும். ஒரே புத்தகத்துக்குள் இத்தனை இடங்கள்.

மூன்றாம் கேள்வி: பக்கத்தில் வேறென்ன இருக்கிறது? சிட்டா தனியாக நிற்க முடியாது. அ-பதிவேடு, அடங்கல், புலப்படம், பத்திரப் பதிவு, வில்லங்கச் சான்று என்று ஒரு கூட்டமே அதற்குப் பின்னால் நிற்கிறது. ஒவ்வொன்றும் மற்றதை முன்னனுமானிக்கிறது, சில நேரம் மறுக்கிறது. பயிர்க்கடனுக்குக் கூட்டுறவு வங்கியில் நீட்டும்போது சிட்டா ஒரு வேலை செய்கிறது. உரிமையியல் நீதிமன்றத்தில் அதே தாளை வைத்து "நிலம் என்னுடையது" என்று நின்றால், பட்டா மட்டும் உரிமைமூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. சூழ்ந்திருக்கும் கூற்றுகளின் புலம் மாறிவிட்டது. இந்தப் புலம் இல்லாத சொற்றொடர் வாக்கியமாக இருக்கலாம். ஃபூக்கோவின் கணக்கில் அது கூற்று ஆகாது.

நான்காம் கேள்வி: எது திரும்ப வந்தால் அதே கூற்று? நீங்கள் அச்செடுத்த சிட்டாவின் அடியில் ஒரு குறிப்பு இருக்கும்: விவரங்கள் மின்பதிவேட்டிலிருந்து பெறப்பட்டவை, குறிப்பு எண்ணைக் கொண்டு இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். தாள் கிழிந்தால் கூற்று கிழியாது. பத்து நகல் எடுத்தால் பத்துக் கூற்றும் ஆகாது. ஆனால் அதே விவரங்களை நீங்களே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வங்கியில் நீட்டிப் பாருங்கள். எந்தத் திரும்பல் செல்லும், எது செல்லாது என்பதை நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. ஃபூக்கோ இதைத் திரும்ப வரத்தக்க பொருண்மை என்கிறார். சொற்கள் மாறாமலே கூற்று மாறுவதும் உண்டு. உயிரினங்கள் பரிணமிக்கின்றன என்ற கருத்து டார்வினுக்கு முன்பும் சொல்லப்பட்டது, பின்பும் சொல்லப்பட்டது. அது ஒரே கூற்று அல்ல என்கிறார்.

நான்கு கேள்விகளுக்கும் பதிலை ஒரு பக்கத்துக்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிகளில் அந்தப் பக்கம் இல்லாமல் நகர முடியாது.

5. ஃபூக்கோவே அடுத்து என்ன செய்தார் என்று பாருங்கள்

1970இன் தொடக்க உரையை இப்போது படியுங்கள். குறுகியது, இரண்டு அமர்வில் முடியும். சொல்லாடலை, அதாவது ஒரே விதிகளுக்கு உட்பட்ட கூற்றுகளின் தொகுதியை, கட்டுப்படுத்தும் விலக்குகள், பேச அனுமதி பெற்றவர்கள், உண்மைக்கும் பொய்க்கும் இடையே போடப்படும் கோடு என்று அதிகாரம் நேராக உள்ளே வருகிறது. 1975இல் சிறை பற்றிய நூல் வரும்போது 'கூற்று' என்ற கலைச்சொல் பின்னுக்குப் போய்விட்டது. "தொல்லியலைக் கைவிட்டார், அதிகாரத்தின் வரலாற்றைத் தேடும் மரபுவழி ஆய்வுக்குத் தாவினார்" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். ஆவணத்தை அதன் மேற்பரப்பிலேயே வைத்துப் படிக்கும் பழக்கம் கடைசிவரை அவரிடம் இருந்தது.

நம்பிக்கை வரவில்லை என்றால் 1977இல் எழுதிய 'இழிபெயர் பெற்றோரின் வாழ்க்கை' என்ற கட்டுரையைப் படியுங்கள். குடும்பத்தில் ஒருவரை அடைத்து வைக்கும்படி பிரான்ஸ் மன்னருக்கு எளிய மக்கள் அனுப்பிய மனுக்கள் போன்ற பழைய தாள்களைப் பற்றியது. அதிகாரத்தோடு ஒரு கணம் மோதியதால் மட்டுமே அந்த மனிதர்களைப் பற்றி நமக்கு ஏதோ தெரிகிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர்களுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றால் கட்டுரை இன்னும் நன்றாகப் புரியும். "ஐயா, பணிவான வணக்கம்" என்று தொடங்கி "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடியும் வடிவத்துக்குள் ஒரு முழு வாழ்க்கை எப்படி மடிக்கப்படுகிறது என்று பாருங்கள். அனுமதி இல்லாமல் யாருடைய மனுவையும் படம் எடுக்க வேண்டாம்.

6. பின்வந்தவர்களை இந்த வரிசையில் படியுங்கள்

ஹ்யூபர்ட் டிரைஃபஸ், பால் ராபினோ இருவரும் ஃபூக்கோவைப் பற்றிச் சேர்ந்து எழுதிய நூல் 1982இல் வந்தது. முதலில் அதில் தொல்லியல் பற்றிய அத்தியாயங்கள். ஃபூக்கோவின் கூற்றுகள் தெருப் பேச்சு அல்ல, நிபுணத்துவ ஏற்பாடுகளுக்குள் உண்மை கோரும் பேச்சுச் செயல்கள் என்று அவர்கள் விளக்குகிறார்கள். கூடவே ஒரு கடுமையான குற்றச்சாட்டும் வைக்கிறார்கள்: விவரிக்கும் விதிகளே எப்படிப் பேச்சை நடத்தும் விதிகளாகவும் இருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு 1969இன் நூலில் திருப்தியான பதில் இல்லை என்பதே என் எண்ணமும்.

எட்வர்ட் செய்த் அடுத்தவர். 1978இல் வந்த நூலின் முன்னுரையிலேயே ஃபூக்கோவின் சொல்லாடல் கருத்தை 'அறிவின் தொல்லியல்', சிறை பற்றிய நூல் இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார். கீழைத்தேயம் பற்றிய ஒரு வாக்கியம் எப்படி முந்தைய நூறு வாக்கியங்களின் மேல் ஏறி நிற்கிறது என்று காட்டுகிறார். உங்கள் பக்கத்தில் மூன்றாம் கேள்விக்கு எதிரே அவர் பெயரை எழுதுங்கள். ஆனால் ஓரிடத்தில் அவர் ஃபூக்கோவை விட்டு விலகுகிறார்: தனி எழுத்தாளரின் முத்திரை முடிவானது என்று நம்புகிறார். தேர்வுகளில் இந்த வேறுபாட்டை எழுதுபவர் குறைவு, எழுதினால் எடுபடும்.

எர்னெஸ்டோ லக்லாவ், ஷாந்தால் மூஃப் இருவரும் 1985இல், சொல்லாடல் சார்ந்தது, சாராதது என்று ஃபூக்கோ போட்ட கோட்டையே அழித்தார்கள். ஜூடித் பட்லர் தன்னிலை இடம் என்ற முனையைப் பிடித்தார். காயப்படுத்தும் பேச்சு பற்றிய அவருடைய 1997 நூலில் ஆஸ்டினும் தெரிதாவும் ஃபூக்கோவும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கிறார்கள். இங்கே ஒரு பொறி உண்டு. தெரிதா 1971இல் பேசிய திரும்ப நிகழும் தன்மையும் ஃபூக்கோவின் திரும்ப வரத்தக்க பொருண்மையும் ஒன்றல்ல. எந்தக் குறியும் தன் சூழலை உடைத்துக்கொண்டு வேறெங்கும் போய்விட முடியும் என்பது தெரிதா. எங்கே போகலாம் என்பதை நிறுவனங்கள் வேலி போட்டு வைத்திருக்கின்றன என்பது ஃபூக்கோ. ஆய்வேடுகளில் இரண்டையும் குழப்பாதவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

நான்காம் கேள்வியின் பக்கம் ஃபிரீட்ரிக் கிட்லர் நிற்கிறார். 1980களின் நூல்களில் அவர் கேட்பது சுருக்கமாக இது: ஃபூக்கோவின் ஆவணக்காப்பகம் என்பது நூலகம்தானே? கிராமபோனும் திரைப்படமும் தட்டச்சும் வந்தபின் பதிவு செய்யும் கருவியையே கணக்கில் எடுக்க வேண்டாமா? கைப்பட எழுதிய பதிவேடு மின்பதிவேடு ஆனதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

ஜில் தெலூஸைக் கடைசியில் வையுங்கள். 'அறிவின் தொல்லியல்' வந்த மறு ஆண்டே அதைப் பற்றிக் கட்டுரை எழுதியவர். அது 1986இல் வந்த அவருடைய ஃபூக்கோ நூலின் முதல் அத்தியாயம் ஆனது. சொல்லத்தக்கது, காணத்தக்கது என்று அறிவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மற்றதாகச் சுருக்க முடியாது என்கிறார். அழகான நூல், ஆனால் அது பாதி ஃபூக்கோ, பாதி தெலூஸ். முதலில் அதைப் படித்தவர்கள் பிறகு இரண்டையும் பிரிக்கத் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

7. ஹேக்கிங்கை நம் மாவட்டத்தில் வைத்துப் பாருங்கள்

இயன் ஹேக்கிங்கைத் தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பின்வந்தவர்களில் எளிதாகப் படிக்கக்கூடியவர் அவர்தான், நம் ஊருக்கு உடனே பயன்படுபவரும் அவரே. 1986இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில், வகைப்படுத்தும்போதே ஒருவகை மனிதர்கள் உருவாகிறார்கள் என்கிறார். பிறகு, அந்த மனிதர்கள் வகைப்பாட்டுக்கு எதிர்வினை செய்கிறார்கள், அதனால் வகைப்பாடும் மாறுகிறது என்ற சுழற்சியை விவரிக்கிறார். முதல் கேள்வியிலிருந்து புறப்பட்டு அவர் போன தூரம் இது.

பயிற்சி இதுதான். தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலை இணையத்தில் எடுங்கள், இலவசம். அதில் 'மலையாளி' என்ற பதிவைத் தேடுங்கள் (கேரளத்தவர் அல்ல, தமிழ்நாட்டு மலைகளில் வாழும் பழங்குடியினர்). தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழ்பவர்கள் என்று அடைப்புக்குறிக்குள் வரம்பு போட்டிருக்கும். சித்தேரியிலும் வத்தல்மலையிலும் இருப்பவர்கள் இதற்குள் வருகிறார்கள். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் வரவில்லை. நெடுங்காலமாகக் கோரிக்கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு என்ற பெயரில் இன்று மாவட்டமே இல்லை. நிர்வாக வரைபடத்திலிருந்து போய்விட்ட மாவட்டம் பட்டியலில் உயிரோடு இருக்கிறது, அதன் பெயரால் இன்றும் சாதிச் சான்று கிடைக்கிறது அல்லது மறுக்கப்படுகிறது.

நான்கு கேள்விகளையும் இந்த ஒற்றைப் பதிவிடம் கேளுங்கள். எந்த மனிதர்களை இது இருக்க விடுகிறது? யார் எந்த இடத்திலிருந்து சொல்ல முடியும்? (கோட்டாட்சியர் சொன்னால் ஒன்று, ஊர்ப் பெரியவர் சொன்னால் வேறு.) பக்கத்தில் எந்த ஆவணங்கள் நிற்கின்றன? எது திரும்ப வந்தால் செல்லும்? பிறகு ஹேக்கிங்கின் கேள்வியைச் சேருங்கள்: பட்டியலில் இல்லாதவர்கள் தங்களைப் பற்றிப் பேசும் முறையைப் பட்டியல் எப்படி மாற்றியிருக்கிறது? காலனியக் கணக்கெடுப்பு பற்றி பெர்னார்ட் கோன் எழுதியதும், சாதி பற்றி நிக்கலஸ் டர்க்ஸ் 2001இல் வெளியிட்ட நூலும் இந்த இடத்தில் கைகொடுக்கும்.

எச்சரிக்கை: "அப்படியென்றால் பழங்குடி என்பதே வெறும் கட்டமைப்பு" என்று முடித்துவிடாதீர்கள். ஃபூக்கோவும் அப்படிச் சொல்லவில்லை, ஹேக்கிங்கும் சொல்லவில்லை. சான்றுக்காக அலுவலகப் படி ஏறி இறங்குபவரிடம் போய் அதைச் சொல்லவும் முடியாது.

8. எழுதும்போது

கூற்றைப் பற்றி மட்டும் ஓர் அத்தியாயம் என்றால் இரண்டு மாதம் ஒதுக்குங்கள்: மூன்றாம் பகுதிக்கு இரண்டு வாரம், ஆவணப் பயிற்சிக்கு ஒரு வாரம், பின்வந்தவர்களுக்கு மூன்று வாரம், மீதி எழுத. நெட் தேர்வுக்கு மட்டும் என்றால் மூன்று, நான்கு, ஆறு ஆகிய படிகள் போதும். ஆண்டுகளையும் நூல் வரிசையையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பொருத்துக வகைக் கேள்விகள் அவற்றைச் சுற்றித்தான் வருகின்றன.

கலைச்சொற்களை முதல் பக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். கூற்று, வாக்கியம், எடுப்பு, சொல்லாடல் என்று ஒருமுறை வைத்தால் இறுதிவரை மாற்றக் கூடாது. நடுவில் 'சொல்லாடல்' 'உரையாடல்' ஆகிவிட்டால் வாதமே குலைந்துவிடும்.

யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. மேற்கோள்களைக் குறைத்து, உங்கள் ஆவணத்தின் பகுப்பாய்வைக் கூட்டினால் இந்த எல்லைக்குள் தானாக நின்றுவிடுவீர்கள்.

பழைய பதிவேடுகள் தேவைப்பட்டால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு நெறியாளரின் கடிதத்தோடு போக வேண்டும். தருமபுரி 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து. ஆகவே அதற்கு முந்தையவற்றைச் சேலம் மாவட்டத்தின் கீழ் தேடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும் பதிவேட்டின் நகல் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, மேல்முறையீடு என்று போனால் இன்னும் இழுக்கும். எனவே நூலைத் திறக்கும் அன்றே இந்த விண்ணப்பத்தையும் அனுப்பிவிடுங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.